கல்லும் மக்னீசியமும்: அமுக்கத்தின்கண் பொருள்கள் நிலைகுலையுமாறு

திருவண்ணாமலைத் திருக்கோயிலுள் கிழக்கு இராசகோபுரத்தின் வழியே புகுவார்க்கு வலப்புறத்தே ஆயிரக்கால் மண்டபம் தோன்றும். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த மண்டபம் அது. அவர் தொடங்கிய இராசகோபுரமோ, பின்னர்த் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரால் முற்றுவிக்கப்பெற்று, பதினொரு நிலைகளுடன் 217 அடி உயரம் ஓங்கி நிற்கின்றது. நானூறு ஆண்டுகட்கு மேலாக வெயிலும் மழையும் காற்றும் தாக்கியும் தம் பாரத்தைத் தாமே தாங்கி நிற்கும் இவ்விரண்டினையும் கண்டு வியவாதார் இலர்.

மண்டபத்தைக் கண்டு வியப்பார் பலராயினும், அதன்கண் இத்துணைத் தூண்கள் நெருங்கி நிற்பது எற்றுக்கு என்று வினவுவார் சிலரே. சமயக் கருத்தும் அழகும் அதற்குக் காரணமாதல் உண்மையே. அவற்றை ஒருபுறம் நிறுத்திச் சிற்பியின் கண்கொண்டு நோக்கின், 'கூரையின் பாரம் பெரிது. ஆகலின் தூண்கள் பலவாயின' என்னும் விடையே முதற்கண் எழும். அது முழு உண்மையன்று. தூணின் வலிக்குறைவால் அன்று, தூண்களின்மேற் கிடக்கும் உத்தரத்தின் வலிக்குறைவாலேயே தூண்கள் நெருங்கி நின்றன. தூணும் கல்லே, உத்தரமும் அதே கல்லே. ஒரே கல் நின்றவிடத்து வலிதாகவும் கிடந்தவிடத்து மெலிதாகவும் ஆவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பார், வலி என்பது ஒரு பொருளுக்கு ஒன்றே அன்று என்பதனையும், அமுக்குங்கால் ஒன்றும் இழுக்குங்கால் மற்றொன்றுமாக அது வேறுபடும் என்பதனையும் உணர்வர்.

இவ்வுண்மையைக் கல்லினும் தெளிவாகக் காட்டுவது மக்னீசியம் என்னும் உலோகத் தண்டு. கல்லுக்கு நேர்மாறான இயல்பினது அது. அதனோடு நுண்ணிய துகள்களைக் கலந்து செய்த கூட்டுப்பொருள்களை இற்றைநாள் அறிஞர் ஆய்ந்து வருகின்றனர். அத்தண்டுகள் அமுக்கத்தின்கண் எவ்வாறு குறுகி, எவ்வாறு பருத்து, எவ்வாறு முறிகின்றன என்பதனை யாம் அறிந்த அளவில் இக்கட்டுரைக்கண் விளக்கப் புகுகின்றோம்.

கல்லின் இயல்பு

முதலிற் கல்லை நோக்குவாம். அழுத்தத்தை அளப்பதற்கு மெகாபாஸ்கல் என்னும் அளவை வழங்குகின்றது. ஒரு சதுரச் சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறக்குறைய 10 கிலோகிராம் எடை நின்றால் உண்டாகும் அழுத்தமே ஒரு மெகாபாஸ்கல் என்று கொள்க. கருங்கல்லை அமுக்கி உடைப்பதற்கு 100 முதல் 250 மெகாபாஸ்கல் வரை வேண்டும். ஒரு கன மீட்டர்க் கருங்கல்லின் எடை ஏறக்குறைய 2,650 கிலோகிராம். ஆகவே இராசகோபுரத்தின் உயரமாகிய 66 மீட்டருக்கு ஒரு திண்ணிய கருங்கற்றூணை நிறுத்தினோம் என்று கணக்கின்பொருட்டுக் கருதினால், அதன் அடியில் நேரும் அழுத்தம் 1.7 மெகாபாஸ்கலே ஆகும். கல்லின் ஆற்றலில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் அது குறைவு. நின்ற கல் தன் பாரத்தால் நொறுங்கும் என்னும் அச்சத்திற்கு ஈண்டு இடமே இல்லை.

அக்கல்லையே உத்தரமாகக் கிடத்துவோமாயின் நிலைமை வேறாகும். இரு தூண்களின்மேற் கிடக்கும் உத்தரம் தன் பாரத்தாலும் கூரையின் பாரத்தாலும் கண்ணுக்குத் தோன்றாத அளவில் வளையும். வளைவின் மேற்புறம் அமுக்குண்ணும், கீழ்ப்புறம் இழுபடும். கல்லை இழுத்து முறிப்பதற்கு வேண்டும் விசையோ, அமுக்கி உடைப்பதற்கு வேண்டும் விசையிற் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோதான். கல்லினுள் இயற்கையாகவே நுண்ணிய கீறல்கள் பல உள. அமுக்குங்கால் அவை வாய்மூடும். இழுக்குங்கால் வாய்திறந்து பரவும். இதுவே இவ்வேற்றுமையின் காரணம்.

மேலும் ஒன்று: இரு தூண்களுக்கு இடையேயுள்ள வெளியை இரட்டித்தால், உத்தரத்தின் அடிப்புறத்தே தன் பாரத்தால் நேரும் இழுவை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும். சிற்பிகள் இக்கணக்கை எழுதிப் பார்த்தனரோ இலரோ, பழக்கத்தால் உணர்ந்திருந்தனர். ஆகலின் வெளியைச் சுருக்கித் தூண்களைப் பெருக்கினர். மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் அளவு கடந்து ஏற்றின் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தே வைத்தனர். அச்சு முறிவதும் வளைவினாலேயே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கல் உடையும் முறையும் குறிக்கொள்ளத்தக்கது. அமுக்குண்ட கருங்கல் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவே குறுகும். அதன்பின் பாரம் விழும் திசையிலேயே நெடுக்காகப் பிளந்து, முன்னறிவிப்பு இன்றித் திடீரென நொறுங்கும். குறுகுவது கண்ணுக்குத் தெரியாது, நொறுங்குவதே தெரியும்.

மக்னீசியம் என்னும் உலோகம்

இனி மக்னீசியத்தை நோக்குவாம். 1808-இல் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில அறிஞர் மின்னாற்றலைக் கொண்டு இதனைப் பிரித்துக் காட்டினார். பச்சிலைகளின் பசுமைக்கு அடிப்படையான பொருளினுள்ளும் இவ்வுலோகம் உண்டு. வேதியியற் கூடத்தில் இதன் நாடாவைக் கொளுத்தி, அதன் கண்கூசும் வெண்சுடரைக் காணாத மாணவர் அரியர்.

இதன் மூலப்பொருள் நமக்குத் தொலைவிலும் அன்று. திருவண்ணாமலைக்குத் தென்மேற்கே சேலத்தை அடுத்து வெண்ணிறம் பூத்துக் கிடக்கும் குன்றுகள் உள. ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்று பெயரிட்டு அழைத்தனராயினும், அங்குக் கிடைப்பது சுண்ணம் அன்று. மக்னீசிய கார்பனேட்டாகிய வெள்ளைக்கல்லே ஆகும். அக்கல்லைச் சுட்டுப் பெறும் மக்னீசியா, பெரும்பாலும் எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டும் தீச்செங்கற்கள் செய்யவே பயன்படுகின்றது. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மின்பகுப்பு முறையால் மக்னீசிய உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வழிகளை ஆராய்ந்துள்ளது. ஆயினும் உலகில் இன்று எடுக்கப்பெறும் மக்னீசிய உலோகத்திற் பெரும்பங்கு சீன நாட்டினது.

கட்டுமானத்திற்குப் பயன்படும் உலோகங்களுள் மக்னீசியமே எடை குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை 7.87 கிராம், அலுமினியத்தின் எடை 2.70 கிராம், மக்னீசியத்தின் எடையோ 1.74 கிராமே. கருங்கல்லைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்த உலோகம் என்றால் நம்புதற்கு அரிதாம். தனித்த மக்னீசியம் மென்மையானது. ஆகலின் அலுமினியம், துத்தநாகம் முதலியவற்றைச் சிறிதளவு சேர்த்து உலோகக்கலவையாக ஆள்வர். நூற்றுக்கு மூன்று பங்கு அலுமினியமும் ஒரு பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவை பெருவழக்குடையது. ஜெர்மனியிற் பிறந்த வோக்ஸ்வேகன் 'பீட்டில்' காரின் எஞ்சின் கூட்டிலும் கியர்ப் பெட்டியிலும் மக்னீசியக் கலவை மிகுதியாக ஆளப்பெற்றது. முறிந்த எலும்பைப் பொருத்திப் பின்னர்த் தானே உடலினுட் கரைந்துபோகும் மக்னீசியத் திருகாணிகட்கு 2013-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. வண்டியும் எலும்பும் பாரம் தாங்குவன. ஆகவே இவ்வுலோகம் அமுக்கத்தின்கண் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாயிற்று.

ஏட்டுச்சுவடி உவமை

உலோகம் என்பது எண்ணிறந்த படிகக் குருணைகளின் தொகுதி. ஒவ்வொரு குருணையினுள்ளும் அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பட்டுள்ளன. மக்னீசியத்தின் அடுக்கு அறுகோணத் தூண் வடிவினது. அத்தூணின் அடித்தளத்திற்கு இணையான தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். இதனைத் தமிழ் பயில்வார்க்கு எளிதில் விளங்க உரைப்பின், ஒவ்வொரு குருணையும் ஓர் ஏட்டுச்சுவடி என்க. சுவடியின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதின் வழுக்கும். உலோகம் உடையாமல் உருமாறுவது இவ்வழுக்கலினாலேயே. செம்பிலும் அலுமினியத்திலும் இவ்வாறு எளிதின் வழுக்கும் தளங்கள் பல திசைகளில் உள. அதனால் அவை எப்பக்கம் அடித்தாலும் வளைந்து கொடுக்கும். மக்னீசியத்திலோ, சாதாரண வெப்பநிலையில் எளிதின் வழுக்குவன இவ்வடித்தளங்களே. ஏனைத் தளங்கள் வழுக்குதற்கு மிகுந்த விசை வேண்டும்.

இனித் தண்டு செய்யும் முறையைக் காண்க. முறுக்கு நாழியில் மாவை இட்டு அழுத்தித் துளை வழியே பிழிவதுபோலச் சூடேற்றிய உலோகக் கட்டியை அச்சின் துளை வழியே பிதுக்கித் தள்ளுவர். அங்ஙனம் பிதுங்கி வருங்கால், ஆற்றொழுக்கில் மிதந்து வரும் ஓலைகள் ஒழுக்கின் திசையில் அமைவதுபோல, குருணைகளாகிய சுவடிகள் பெரும்பாலும் தண்டின் நீளத்தோடு தம் ஏடுகள் இணையுமாறு அமைந்துவிடும். ஆகவே, பிதுக்கிய மக்னீசியத் தண்டு என்பது, ஏடுகள் நெடுக்காக நிற்கும்படி வைத்துக் கட்டிய சுவடிக் கற்றை போன்றது.

அக்கற்றையின் இரு முனைகளையும் பிடித்து இழுப்போம். ஏடுகளின் நீளத்தின் வழியே இழுப்பதால் ஏட்டின்மேல் ஏடு வழுக்க வழியில்லை. தண்டு நீள முயலுங்கால் குறுக்கே ஒடுங்கும். ஏடுகள் ஒன்றோடொன்று இன்னும் நெருங்கும். தண்டு எளிதில் விட்டுக்கொடாது. இனி, இரு முனைகளையும் அமுக்குவோம். இப்பொழுதும் வழுக்கலுக்கு வழியில்லை. ஆனால் தண்டு குறுகிக் குறுக்கே பருக்க முயலும். ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் திசையில் இழுபடும். அவ்வாறு ஏடுகள் விலகும் திசையில் இழுபடுங்கால், மக்னீசியத்திற்கே சிறப்பாக உரிய ஒரு வழி திறக்கின்றது. குருணையின் ஒரு பகுதியிலுள்ள அணு அடுக்கு முழுவதும், ஏறக்குறைய 86 பாகை, அஃதாவது நேர்கோணத்திற்குச் சற்றே குறைய, ஒருங்கே புரண்டு படுத்துவிடும். புரண்ட பகுதி புரளாத பகுதிக்குக் கண்ணாடியில் தோன்றும் நிழல்போல் அமைதலின், இதனை இரட்டையாதல் என்பர். இவ்வகை இரட்டையாதல் ஏடுகள் விலகும்பொழுது எளிதின் நிகழும், நெருங்கும்பொழுது நிகழாது. ஒருவழிக் கதவு அது.

இதனால் விளைவது யாது? பிதுக்கிய மக்னீசியக் கலவைத் தண்டு, இழுவைக்கு 200 மெகாபாஸ்கல் அளவில் நின்று தாங்குமாயின், அமுக்கத்திற்கு 100 மெகாபாஸ்கல் அளவிலேயே தளர்ந்து, மீளா உருமாற்றம் அடையத் தொடங்குதல் கூடும். கலவையும் பதமும் மாற இவ்வெண்களும் மாறும். ஆயினும் அமுக்க வலி இழுவை வலியிற் பாதி முதல் முக்கால் வரையே நிற்பது இத்தகைய தண்டுகளின் பொதுவியல்பு. கல் அமுக்கத்திற்கு வலிது, இழுவைக்கு மெலிது. மக்னீசியத் தண்டோ இழுவைக்கு வலிது, அமுக்கத்திற்கு மெலிது.

தண்டு குறுகுமாறு

ஆய்வுக்கூடத்தில் இதனைச் சோதிப்பார், விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரமுள்ள சிறு தண்டினை வெட்டி, அதன் இரு முகங்களையும் மட்டமாகத் தேய்த்து, பொறியின் இரு எஃகுத் தட்டுகளுக்கு இடையே நிறுத்தி மெல்ல அமுக்குவர். விசையையும் குறுக்கத்தையும் ஒருங்கே குறித்து வரைகோடு இழைப்பர். அக்கோட்டில் நான்கு நிலைகள் தோன்றும்.

முதல் நிலையில் தண்டு வில்போல் நடந்துகொள்ளும். விசையை நீக்கின் பழைய உயரத்தை எய்தும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள மக்னீசியத் தண்டினை 90 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், தன் மீளும் எல்லைக்குள் நிற்கும்படி அமுக்கினால், அது 0.2 மில்லிமீட்டர் குறுகும். அதே அழுத்தத்தில் எஃகுத் தண்டு அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குறுகும். விறைப்பில் மக்னீசியம் எஃகினும் நான்கு மடங்குக்குமேல் தாழ்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் நிலையில், மீளும் எல்லை கடந்ததும் குருணைகள் இரட்டையாகப் புரளத் தொடங்கும். ஒன்று புரள அடுத்ததும் புரளும். விசை பெரிதும் ஏறாமலே தண்டு நூற்றுக்கு ஐந்தாறு பங்கு வரை குறுகிச் செல்லும். வரைகோடு மேட்டுச் சமவெளிபோல் கிடக்கும்.

மூன்றாம் நிலையில் புரளத்தக்க குருணைகள் பெரும்பாலும் புரண்டு முடியும். இப்பொழுது ஏடுகள் நெடுக்காக நில்லாமல், பாரத்திற்குக் குறுக்கே படுத்துக் கிடக்கும். படுத்த சுவடியின்மேற் பாரம் வைப்பின் ஏடுகள் வழுக்குமோ? வழுக்கா. ஆகவே தண்டு திடீரென வலுக்கும். வரைகோடு செங்குத்தாக மேலேறும். முதலில் எளிதின் விட்டுக்கொடுத்த உலோகம் பின்னர் மிக்க விறலோடு எதிர்த்து நிற்பது காண்பார்க்கு வியப்பைத் தரும்.

நான்காம் நிலையில், பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு குறுகிய அளவில், தண்டினுட் சாய்வான ஒரு தளத்தில் உருமாற்றம் குவிந்து, அத்தளத்தின் வழியே பிளவு ஓடி, தண்டு இரு துண்டாகும். அத்தளம் தண்டின் அச்சோடு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கும். மெல்லிய செம்பை அமுக்கின் அது தட்டையாகப் பரவுமேயன்றிப் பிளவாது. கல் நெடுக்காகப் பிளக்கும், மக்னீசியம் சாய்வாக அறும், செம்பு பரவும். உடைந்த துண்டைக் கண்டே அது எப்பொருள், எவ்வாறு அமுக்குண்டது என்று கூறவல்லார் உளர்.

சோதனையில் ஒரு நுட்பமும் உண்டு. தண்டின் இரு முகங்களும் எஃகுத் தட்டோடு உராய்தலின், முனைகள் விரிய இயலாமல் நடுப்பகுதி மட்டும் பருத்துத் தண்டு மத்தளத்தின் வடிவு கொள்ளும். அவ்வடிவு பொருளின் இயல்பால் வந்தது அன்று, உராய்வினால் வந்தது. ஆகவே முகங்களில் மசகு இட்டு உராய்வைக் குறைத்தே அமுக்குவர். இதனைக் கருதாது எடுத்த எண்கள் பொருளின் வலியை உள்ளதினும் மிகுத்துக் காட்டும்.

துகள் சேர்ந்த கூட்டுப்பொருள்

மக்னீசியத்தின் இக்குறையைத் தீர்க்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று கூட்டுப்பொருள் ஆக்குதல். களிமண்ணோடு வைக்கோலையும் உமியையும் சேர்த்துச் சுவர் எழுப்பிய நம் முன்னோர்க்குக் கூட்டுப்பொருளின் கருத்துப் புதிதன்று. மக்னீசியக் கலவையை உருக்கி, அதனுள் சிலிகான் கார்பைடு, அலுமினா போன்ற கடிய பொருள்களின் நுண்டுகள்களைத் தூவிக் கலக்குவர். சிலிகான் கார்பைடு என்பது சாணைச் சக்கரங்களில் ஆளப்பெறும் கடும்பொருள். மக்னீசியம் 650 பாகை செல்சியசில் உருகும். உருகிய மக்னீசியம் காற்றுப் பட்டால் தீப்பற்றும். ஆகலின் காக்கும் வாயுவைப் போர்வையாக அதன்மேற் செலுத்தியே இவ்வேலையைச் செய்வர். உருக்காமல், உலோகப் பொடியோடு துகளைக் கலந்து அழுத்திக் கட்டியாக்கும் வழியும் உண்டு. பின்னர் அக்கட்டியைப் பிதுக்கித் தண்டாக்குவர்.

பருமனளவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சிலிகான் கார்பைடு சேர்த்தால், ஒரு கன சென்டிமீட்டரின் எடை 1.74 கிராமிலிருந்து 1.89 கிராம் அளவுக்கே உயரும். அலுமினியத்தினும் அது மிகக் குறைவே. இச்சிறு எடைக்கு ஈடாகப் பெறும் நன்மைகள் மூன்று. முதலாவது, கடுந்துகள்கள் பாரத்தில் ஒரு பங்கைத் தாம் ஏற்பதால் தண்டின் விறைப்பு மிகும். இரண்டாவது, துகள்களின் அருகே படிகக் குருணைகள் நுண்ணியனவாக அமையும். பெருங்குருணை எளிதிற் புரளும். சிறுகுருணை எளிதிற் புரளாது. ஆகவே இரட்டையாதல் தொடங்குதற்கு மிகுந்த விசை வேண்டும். மூன்றாவது, ஆற்றில் ஓலைகள் ஒழுகி வருங்கால் இடையே பாறைகள் இருந்தால் அவை திசை கலைவதுபோல, பிதுங்கி வரும் குருணைகளின் ஒழுங்கும் துகள்களாற் சிறிது கலையும். இம்மூன்றினாலும் அமுக்க வலி உயர்ந்து, இழுவை வலிக்கும் அமுக்க வலிக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வு குறையும்.

ஆனால் நன்மை விலையின்றி வருவதில்லை. துகள்கள் சீராகப் பரவாமல் ஓரிடத்தே குழுமுமாயின், அக்குழுமத்தின் இடையே உலோகம் புகாத வெற்றிடங்கள் நிற்கும். தண்டு குறுகுங்கால் உலோகம் உருமாறும், துகள் உருமாறாது. இரண்டும் ஒட்டிய எல்லையிற் பூசல் விளையும். எல்லை விடுபட்டோ துகள் பிளந்தோ நுண்கீறல் தோன்றும். கீறல்கள் ஒன்றோடொன்று இணைந்து சாய்தளப் பிளவாகும். அதனாற் கூட்டுப்பொருள் தண்டு மிகுந்த பாரம் தாங்கினும், முறியுமுன் குறுகும் அளவு பெரும்பாலும் குறைந்துவிடும். துகளை மிகச் சேர்க்கச் சேர்க்க உலோகம் கல்லின் குணத்தை நோக்கிச் செல்கின்றது. எவ்வளவு சேர்ப்பது என்பதைக் காட்டிலும், எவ்வளவு சீராகப் பரப்புவது என்பதே இக்கலையின் உயிர்நிலை. வெப்பத்தையும் மறத்தற்கில்லை. 225 பாகை செல்சியசு அளவுக்கு மேற் சூடேற்றின் ஏனைய தளங்களும் வழுக்க முற்படும். தண்டு எளிதின் உருமாறும், வலியும் குன்றும்.

நெடுந்தண்டின் வளைவு

இதுகாறும் கூறியது குட்டைத் தண்டின் கதை. நெடிய, மெல்லிய தண்டோ பொருள் தளர்வதற்கு முன்னரே பக்கவாட்டில் வளைந்து விழும். மூங்கிற் குச்சியைத் தரையில் ஊன்றி அமுக்கிப் பார்த்தார் இதனை அறிவர். 1744-இல் ஆய்லர் என்னும் கணித மேதை இவ்வளைவுக்குரிய கணக்கை வெளியிட்டார். அதன்படி, வளைந்து விழச் செய்யும் பாரம் பொருளின் வலியைப் பொறுத்தது அன்று; விறைப்பையும் பருமனையும் நீளத்தையும் பொறுத்தது. நீளத்தை இரட்டித்தால் தாங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகும்.

ஈண்டு மக்னீசியத்தின் பெருமை வெளிப்படுகின்றது. ஒரே நீளமும் ஒரே எடையும் உள்ள திண்ணிய உருண்டைத் தண்டுகளாக எஃகு, அலுமினியம், மக்னீசியம் ஆகிய மூன்றிலும் செய்தோம் என்க. எடை குறைந்த மக்னீசியத்தை அவ்வெடைக்குள் மிகப் பருமனாக ஆக்கலாம். விறைப்பில் அது தாழ்ந்ததாயினும் பருமன் அக்குறையை ஈடுசெய்வதோடு நில்லாது மேலும் வெல்லும். கணக்கிட்டால், வளைந்து விழாமல் மக்னீசியத் தண்டு தாங்கும் பாரம், எஃகுத் தண்டு தாங்குவதைப்போல் நான்கரை மடங்கும், அலுமினியத் தண்டு தாங்குவதைப்போல் ஒன்றரை மடங்கும் ஆகும். துகள் சேர்த்து விறைப்பை உயர்த்தினால் இது இன்னும் மிகுதற்கு இடமுண்டு.

ஆகவே குட்டைத் தண்டாக நின்று அமுக்கத்தில் விரைவில் தளரும் அதே உலோகம், நெடுந்தண்டாக நின்று வளைவினை எதிர்ப்பதில் முதன்மை பெறுகின்றது. வலிது எது, மெலிது எது என்று பொருளின் பெயரை மட்டும் கேட்டு விடை கூறல் இயலாது என்பது இதனால் மேலும் உறுதியாயிற்று.

அறிவதன் பயன்

இவ்வாராய்ச்சியால் உலகுக்கு ஆவது என்னை என்று வினவுவார்க்கு ஒரு சான்று கூறுவாம். கால் நலிந்தவர்க்கு எடை குறைந்த ஊன்றுகோல் செய்யப் புகுந்தான் ஒருவன் என்க. மக்னீசியக் கலவைத் தண்டின் வலி என்ன என்று அட்டவணையைப் பார்க்கின்றான். அட்டவணைகளில் முதற்கண் காணப்பெறுவது பெரும்பாலும் இழுவை வலியே. ஏனெனில் இழுத்துச் சோதிப்பதே பெருவழக்கு. 200 என்று அங்கே கண்டு, அதனையே அமுக்கத்திற்கும் கொண்டு, கோலையும் அதன் இணைப்புகளையும் வகுத்தானாயின், அவன் கணக்கிட்ட பாரத்திற் பாதியிலேயே குட்டையான இணைப்புப் பகுதிகள் தளரத் தொடங்கும். கோலின் நெடிய பகுதி வளையாமல் நிற்க, குறுகிய பகுதி குறுகிப் போகும். திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியில் அக்கோலை நம்பி நடப்பவர் வீழ்ந்தால், குற்றம் மக்னீசியத்தினது அன்று; ஒன்றிற்குரிய எண்ணை மற்றொன்றிற்கு ஆண்டவனது ஆகும். எலும்பைத் தாங்கும் தகட்டிற்கும் மோதலைத் தாங்கும் வண்டிச் சட்டத்திற்கும் இதுவே கூற்று. அமுக்கத்தைத் தாங்க வேண்டிய பொருளை அமுக்கியே சோதித்தல் வேண்டும். இழுவையைத் தாங்க வேண்டியதனை இழுத்தே சோதித்தல் வேண்டும்.

ஆயிரக்கால் மண்டபத்தைச் சமைத்த சிற்பிகள் மெகாபாஸ்கல் என்னும் சொல்லை அறியார். படிகத்தின் அறுகோணத்தையும் அறியார். ஆயினும் கல்லின் வலியை அறிந்து அதனைத் தூணாக நிறுத்தினர். அதன் மெலிவை அறிந்து உத்தரத்தைக் குறுக்கினர். ஒரு பொருளை அதற்கு ஒவ்வாத வேலைக்கு ஏவாமையே அவர்தம் கலையின் அடிப்படை. புதிய உலோகங்களையும் கூட்டுப்பொருள்களையும் ஆளப் புகும் நம் தலைமுறைக்கும் அவ்வடிப்படையே வேண்டும். சேலத்து வெள்ளைக்கல் தீச்செங்கல்லாக மட்டும் அமையாது, தேர்ந்த உலோகமாகவும் தண்டாகவும் நம் நாட்டிலேயே உருப்பெறும் நாள் வருமாயின், அதனை ஆள்வார் அதன் இரு முகங்களையும் அறிந்தவராதல் வேண்டும். நம் கல்லூரியில் பௌதிகமும் வேதியியலும் பயில்வார் அவ்வறிவைத் தேடுக; தமிழ் பயில்வார் அதனை நம் மக்கட்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க.